குல்லாவைக் கழற்றலாமா சிஸ்டர்? மலையில் குழந்தைத் தூக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். புதன்கிழமை தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கி வரும் பெண்கள் ஊசியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், தூக்கத்தைப் பற்றி மூன்று கேள்வி கேட்பார்கள். கூடவே வரும் மாமியார் நான் வாயைத் திறப்பதற்குள் பதிலும் சொல்லிவிடுவார். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

பிறந்து ஒரு மாதம் ஆகிறது. பகலெல்லாம் தூங்குகிறான், ராத்திரி கொட்டக் கொட்ட முழிக்கிறான். பகலும் ராத்திரியும் மாறிப்போச்சா?

மாறவில்லை. அவனுக்கு அது இன்னும் வரவே இல்லை. இருட்டினால் தூங்கு, வெளிச்சம் வந்தால் எழு என்று சொல்லும் உடம்புக் கடிகாரம் பிறக்கும்போதே ஓடுவதில்லை. இரண்டு மூன்று மாதத்தில்தான் மெல்ல ஓட ஆரம்பிக்கும். பச்சைக் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் துண்டு துண்டாகத்தான் தூங்கும். அதன் தூக்கச் சுற்று ஒன்று ஏறக்குறைய 50 நிமிடம். வயிறும் சின்னது, ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் கேட்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ராத்திரி எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் ஊரில் குளிருக்குப் பயந்து, வீட்டில் தாயும் பிள்ளையும் இருக்கும் அறையின் ஜன்னலை மூன்று மாதம் திறக்க மாட்டார்கள். காலை பத்து மணிக்கு உள்ளே போனாலும் மாலை ஆறு மாதிரி இருக்கும். பிள்ளைக்குப் பகல் என்று ஒன்று இருப்பது எப்படித் தெரியும்? ஜன்னலைத் திறக்காவிட்டாலும் திரையையாவது விலக்குங்கள். வெளியே மேகம் இறங்கி மூடியிருந்தாலும் அந்த வெளிச்சம் வீட்டு பல்பைவிடப் பல மடங்கு அதிகம். ராத்திரியில் மங்கலான விளக்கு போதும். துணி மாற்று, பால் கொடு, படுக்க வை. கொஞ்சலும் செல்போனும் காலையில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் பகலில் தூங்கவிடாமல் வைத்திருந்தால் ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி தூங்குமா?

தூங்காது. பெரியவர்களுக்குச் சரிவரும் கணக்கு இது. களைப்பு எல்லை மீறினால் பிள்ளை இன்னும் விறைத்துக்கொண்டு அழும், தூங்கினாலும் சீக்கிரம் எழுந்துவிடும். கண்ணைக் கசக்கினாலோ, எங்கோ வெறித்துப் பார்த்தாலோ அப்போதே படுக்க வையுங்கள்.

ஆறு மாதம் முடிந்துவிட்டது. இன்னும் ராத்திரி மூணு தடவை எழுகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை விடிய விடியத் தூங்குதாம். என் பிள்ளைக்கு ஏதாவது குறையா?

"தூங்குதாம்" என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. கனடாவில் செய்து 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் அப்படித்தான். அந்தக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் குறை எதுவும் காணவில்லை.

பெரியவர்களான நாமும் ராத்திரியில் நாலைந்து முறை விழிக்கிறோம். புரண்டு படுத்து மறுபடி தூங்குவதால் காலையில் நினைவிருப்பதில்லை. பிள்ளை விழித்ததும் கூப்பிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் விழித்திருக்கும். சில பிள்ளைகள் சத்தம் போடாது. சில மாமியார்கள் அசந்து தூங்குவார்கள்.

பால் பத்தாமல்தான் எழுகிறது, படுக்கும் முன் கொஞ்சம் ராகிக் கூழ் கொடு என்கிறார்கள். நாலு மாதம் ஆகிறது, கொடுக்கலாமா?

வேண்டாம். வயிறு நிறைந்தால் தூங்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1989-ல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் அரிசி மாவுக் கூழ் கொடுத்த பிள்ளைகளும் கொடுக்காத பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் தூங்கின. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையே நாங்களும் சொல்கிறோம். பால் பத்துகிறதா என்பதைத் தூக்கத்தை வைத்து அளக்காதீர்கள். நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, தராசில் எடை ஏறுகிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் தாண்டியதும் ராகிக் கூழைத் தாராளமாகக் கொடுங்கள், பகலில்.

இந்தக் குளிரில் குல்லா இல்லாமல் எப்படித் தூங்க வைப்பது?

இந்த மலையில் நான் அதிகம் சண்டை போட்ட விஷயம் இதுதான்.

ஒரு ஜனவரி மாதம், படுகர்களின் ஹெத்தை பண்டிகை முடிந்த வாரம். ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு மாதப் பெண் குழந்தை, காய்ச்சல், பாலும் குடிக்கவில்லை என்றார்கள். போய்ப் பார்த்தால் பிள்ளையைக் காணோம், மூட்டைதான் இருந்தது. ரஜாயை விலக்கினேன், உள்ளே ஒரு கம்பளித் துண்டு. அதற்குள் இரண்டு ஸ்வெட்டர். குல்லாவுக்கு மேல் குல்லா, அதற்கு மேல் மப்ளர். கழுத்துக்குப் பின்னால் கை வைத்தால் இட்லித் துணியைத் தொட்ட மாதிரி ஈரமும் சூடும். தெர்மாமீட்டரில் 100.6. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு பருத்திச் சட்டையும் ஒரு ஸ்வெட்டருமாக அம்மா மடியில் வைத்தோம். அரை மணி கழித்து 98.8. பிள்ளை பால் குடித்தது. பாட்டி என்னை முறைத்தார், காபி மட்டும் கொடுத்தார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 அல்லது அதற்கு மேல் இருந்தால், துணியைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே உட்காராதீர்கள். அன்றைக்குச் சூடு இறங்காமல் இருந்திருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போயிருப்பேன்.

சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. சூடு அதிகமானால் அது வெளியேறும் பெரிய வழியும் தலைதான். அதை மூடிவிட்டு உடம்பையும் மூட்டை கட்டினால் சூடு எங்கே போகும்? தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகும் சம்பவங்களில், உடம்பு அதிகம் சூடானதும் முகம் மூடியதும் முக்கியமான ஆபத்துகள் என்று தெரிந்திருக்கிறது. அதனால்தான் பிறந்த முதல் சில மணி நேரம் தவிர, வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம் என்கிறார்கள். வெளியே தூக்கிப் போகும்போது போடுங்கள், உள்ளே வந்ததும் கழற்றுங்கள். எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்னது எதுவோ அதன்படி செய்யுங்கள்.

உங்களுக்கு எத்தனை அடுக்குத் துணி வேண்டுமோ அதைவிட ஒன்று கூட, அதுதான் கணக்கு. கை கால் சில்லென்று இருந்தால் பயப்பட வேண்டாம், குழந்தைக்கு அது சகஜம். கழுத்தின் பின்புறத்தையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள்; கதகதப்பாக இருந்தால் சரி, வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கனமான கம்பளிக்குப் பதில் உடம்போடு நிற்கும் துணியாகக் கூட்டுங்கள். போர்வை போட்டே ஆக வேண்டுமென்றால் அக்குளுக்குக் கீழே நிறுத்தி ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் சொருகிவிடுங்கள். வெந்நீர்ப் பை படுக்கையைச் சூடாக்கத்தான். பிள்ளையைப் படுக்கவைக்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும்.

ராத்திரி மட்டும் ஒரு சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைக்கிறோம். புகையே வருவதில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. இங்கே எழுதிய மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

புகை இல்லை என்பதுதான் இதில் மோசம். கனன்று கிடக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது ஒட்டிக்கொள்ளும். கதவும் ஜன்னலும் சாத்திய அறையில் தூங்குகிறவர் மூச்சு முட்டி எழுவதில்லை, தூக்கம் இன்னும் ஆழமாகிக்கொண்டே போகும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி பனிக்காலத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அதற்குச் சீக்கிரம் ஏறும்.

எஸ்டேட் லைன் வீட்டில் இருந்த ஒரு பெண் என்னிடம் சொன்னது தலைவலியைப் பற்றித்தான். தினமும் காலையில் தலை கனக்கிறது, வெளியே கொழுந்து பறிக்கப் போனால் சரியாகிவிடுகிறது என்றாள். பிள்ளை நல்லபடியாக, அதிகமாகவே தூங்குகிறது என்று பெருமையாகவும் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் கரிச்சட்டி. கதவு இடுக்கில் குளிர் வராமல் சாக்கு. அன்றைக்கே சட்டியை வெளியே வைத்தோம், மூன்றாம் நாள் தலைவலி இல்லை.

குளிர் காய வேண்டுமென்றால் சாயங்காலம் முற்றத்திலோ, கதவு திறந்திருக்கும் அடுப்படியிலோ காய்ந்துவிட்டுப் படுக்கும் அறைக்கு வெறுங்கையோடு வாருங்கள். குளிப்பாட்டிய பின் போடும் சாம்பிராணியும் பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு எரிச்சல்தான். ஆசைக்குப் போடுவதென்றால் பிள்ளை இல்லாத அறையில் போடுங்கள்.

மல்லாக்கப் படுக்க வைத்தால் பால் கக்கி மூச்சில் ஏறிவிடாதா? குப்புறப் போட்டால் நிம்மதியாகத் தூங்குகிறதே?

மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குப் போக மேடு ஏற வேண்டும். குப்புறப் போட்டால் மேல் கீழாகிவிடும். ஆரோக்கியமான பிள்ளை கக்கினால் விழுங்கும் அல்லது இருமித் துப்பும்.

குப்புறப் படுத்தால் ஆழ்ந்து தூங்கும் என்பது உண்மை. அந்த ஆழம்தான் ஆபத்து. மூச்சுக்குத் தடை வந்தாலும் எழுந்துகொள்ளாது. ஒரு காலத்தில் மேல்நாட்டு டாக்டர்களே குப்புறப் போடச் சொன்னார்கள். பிறகு தவறு தெரிந்து, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் மாற்றிச் சொன்னது. 1994-ல் நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். அதற்குப் பின் வந்த வருடங்களில் தூக்கத்தில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. புது மருந்து, புது மெஷின் எதுவும் இல்லை. படுக்கவைக்கும் விதம்தான் மாறியது.

தலை தட்டையாகிவிடும் என்ற கவலைக்கு, விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். தலையணை வேண்டாம், ஆன்லைனில் வாங்கும் கடுகுத் தலையணையும் சேர்த்துத்தான். தானாக இரண்டு பக்கமும் புரளத் தெரிந்த பிள்ளை தூக்கத்தில் புரண்டால் விட்டுவிடலாம்.

தூளி கூடாதா? நாங்கள் எல்லாம் அதில்தானே வளர்ந்தோம்?

நானும் அதில்தான் வளர்ந்தேன், என் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான். புத்தகப்படி, தட்டையான, அழுத்தமான படுக்கைதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. தூளியில் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் முட்டும். சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாய் மெல்லிய குழல் மாதிரி, மடங்கினால் காற்று போகாது. இதைச் சொன்னால் யாரும் புடவையை அவிழ்க்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் குறைந்தபட்சம் இதைக் கேளுங்கள். அழுகையை அடக்கத் தூளி, தூங்கியதும் பாய். ஆள் இல்லாத வீட்டில் தூளி கூடாது. துணி முகத்தின் மேல் மூடிக்கொள்ளும்படி தொங்கவிட வேண்டாம். புரள ஆரம்பித்துவிட்டால் தூளிக் காலம் முடிந்தது. பெரிய பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடுவதும் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

எஸ்டேட் கிரஷில் (பிள்ளைக் காப்பகத்தில்) வரிசையாகத் தூளி கட்டியிருந்ததை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்திருக்கிறேன். இலங்கையிலிருந்து வந்த பாட்டிகள் அதைப் பிள்ளை மடுவம் என்பார்கள். அங்கே ஆயா ஒருவர் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பார். நாம் தூளியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம், ஆயாவைக் கொண்டுவரவில்லை.

பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கலாமா?

ஒரே அறை, கட்டாயம், ஆறு மாதமாவது. படுக்கை மட்டும் தனியாக இருந்தால் நல்லது: உங்கள் பாய்க்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு சின்னப் பாய். அதே படுக்கையில் போட்டே தீர வேண்டிய வீடுகள் நிறைய உண்டு. அங்கே வீட்டுக்காரர் குடித்திருந்தாலோ, யாராவது பீடி சிகரெட் பிடிப்பவராக இருந்தாலோ, தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ, பிள்ளை குறைமாதமாகவோ எடை குறைவாகவோ பிறந்திருந்தாலோ நிச்சயமாகக் கூடாது. சோபாவில் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கண்ணயர்வது எல்லாவற்றையும்விட மோசம். குடும்பத்துக்கே ஒரு கம்பளி என்றால் பிள்ளை அதற்கு வெளியே இருக்க வேண்டும்.

தூக்கத்துக்கு வசம்பு, கிரைப் வாட்டர், ரெண்டு சொட்டு பிராந்தி?

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அதில் பீட்டா அசரோன் என்ற நஞ்சு இருக்கிறது. 1968-லேயே அமெரிக்காவில் உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். உரசிக் கொடுத்து, நிற்காத வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகள் உண்டு. கையில் வளையலாகக் கட்டினாலும் பிள்ளை அதைச் சப்பும்.

கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தில் உட்வர்ட் என்பவர் செய்தது. பழைய கலவையில் சாராயம் இருந்தது, பிள்ளை அமைதியானதில் ஆச்சரியமில்லை. இப்போது அது இல்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்குள் தாய்ப்பாலைத் தவிர வேறு எதற்கு? பிராந்தியைப் பற்றி நான் பதில் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சளி சிரப் கொடுத்தால் தூங்குகிறது என்று கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த சிரப்பை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிவிட்டது. மலைத்தேன் நம் ஊர்ப் பெருமைதான், ஒரு வயது வரை அதுவும் நாக்கில் தடவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி பிள்ளையின் குடலில் நஞ்சை உண்டாக்கும்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அழ ஆரம்பித்தால் தூங்குவதே இல்லை. திருஷ்டியா?

ஆறாவது வாரத்தில் அழுகை உச்சத்துக்குப் போகும், மூன்று நாலு மாதத்தில் தானாகக் குறையும். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டால் கெடுதல் இல்லை, நெடி பிள்ளைக்குப் படாமல் இருந்தால் சரி.

தூக்கத்தில் சிரிக்கிறது, திடீரென்று சிணுங்குகிறது, மூச்சுகூட நின்று நின்று வருகிறது. இந்த உயரத்தினாலா?

சிரித்தால் சாமி சிரிப்புக் காட்டுகிறது, அழுதால் நரி விரட்டுகிறது என்பார்கள். பச்சைக் குழந்தையின் தூக்கத்தில் பாதி, உடம்பு அசைந்துகொண்டே இருக்கும் தூக்கம். கண் உருளும், உதடு இழுக்கும், கை உதறும். விழித்துவிட்டது என்று நினைத்துத் தூக்கினால் நாம்தான் எழுப்பியவர்கள் ஆவோம். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

மூச்சு ஐந்து பத்து விநாடி நின்று, பிறகு வேகமாக வருவதும் சின்னக் குழந்தைகளிடம் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அதனால் உயரத்தில் இது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆனால் 20 விநாடி நின்றாலோ, உதடோ நாக்கோ நீலமானாலோ, மூச்சு விடும்போது விலா எலும்புக்கு அடியில் பள்ளம் விழுந்தாலோ, எழுப்பியும் எழாமல் பால் குடிக்காமல் கிடந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டில் நன்றாகத் தூங்கிய பிள்ளை, மூன்றாம் மாதம் மேலே வந்ததிலிருந்து தூங்குவதில்லை. மலை ஒத்துக்கொள்ளவில்லையா?

வீடு, வாசனை, குளிர், போட்டிருக்கும் துணி, தூக்கும் ஆட்கள் எல்லாம் ஒரே நாளில் மாறியிருக்கிறது. ஒன்றிரண்டு வாரம் கொடுங்கள். பெரும்பாலும் இந்த வீடுகளில் நான் பார்ப்பது, பயத்தில் போட்ட மூன்றாவது ஸ்வெட்டரைத்தான். வந்து போகும்போது, குறிப்பாக மலை இறங்கும்போது, வண்டியில் பால் கொடுங்கள். விழுங்கினால் காது அடைப்பு விடும்.

பிள்ளை தூங்கும்போது வீடு நிசப்தமாக இருக்க வேண்டுமா?

வேண்டாம். வயிற்றுக்குள் அது ஒன்பது மாதம் கேட்டது இதயத் துடிப்பும் ரத்த ஓட்டமும் சேர்ந்த ஓயாத இரைச்சலை. ஐப்பசியில் தகரக் கூரையில் மழை அடிக்கும்போது நாம் பேசுவது நமக்கே கேட்காது. பிள்ளை பாட்டுக்குத் தூங்கும். மழை சட்டென்று நின்றதும்தான் கண்ணைத் திறந்து பார்க்கும்.